திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகள்: கோட்பாடும் கல்லறையும்

திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தையின் கதி குறித்துக் கத்தோலிக்கத் திருச்சபை எதை நம்பியது என்று அறிய இறையியல் நூல்கள் மட்டும் போதா. அக்குழந்தையை எங்கே புதைத்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். இக்கேள்வியில் கோட்பாட்டை நகர்த்தியது வாதத்தைவிடப் பெற்றோரின் துயரமும் அதற்கு இடங்கொடுத்த வழிபாடுமே என்பது என் துணிபு.

பிறப்புநிலைப் பாவத்தை மறுத்த பெலாஜியரோடு வாதிட்ட புனித அகுஸ்தீன், பிறப்புநிலைப் பாவம் எல்லாரையும் பற்றுமெனில் குழந்தைக்கு மட்டும் விலக்கில்லை என்றார். அதற்குரிய தண்டனை மிக மென்மையானது என்று மட்டும் தணித்துக்கொண்டார். 12ஆம் நூற்றாண்டில் அபேலார்ட் அத்தண்டனையை இறைக்காட்சி இழப்பு என்ற அளவுக்குக் குறைத்தார். அவ்விழப்பு குழந்தைகளைத் துயருறுத்தாது, இயல்பான இன்பம் அவர்களுக்கு உண்டு என்றார் அடுத்த நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். லிம்போ எனப்படும் இந்த நிலையைக் கொடிய கற்பனை என்று இன்று ஒதுக்குவோர் இந்த வரலாற்றை மறக்கிறார்கள். அது அகுஸ்தீனின் தீர்ப்பைத் தணிக்க எழுந்த கருணை.

ஆனால் தாய்க்கு அந்தக் கருணை போதவில்லை. பிள்ளை விண்ணகம் சேராது. மந்திரித்த நிலத்திலும் அதற்கு இடமில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் ஓபர்பியூரன் என்ற திருத்தலத்துக்கு 15ஆம் நூற்றாண்டில் இறந்து பிறந்த சிசுக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தணலுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் இடையே சிசுவைக் கிடத்திச் சூடேற்றுவார்கள். உதட்டில் இறகொன்றை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் திரும்பியதாகக் கொண்டு திருமுழுக்குக் கொடுத்து அடக்கம் செய்வார்கள். கான்ஸ்டன்ஸ் ஆயர் 1486இல் இதைக் கண்டித்துத் திருத்தந்தைக்கு எழுதினார். 1990களின் அகழாய்வில் அங்கே சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன.

இதை மூடநம்பிக்கை என்று முடித்துவிடலாகாது. அந்தப் பெற்றோர் திருமுழுக்கின் தேவையை மறுக்கவில்லை. மிகத் தீவிரமாக நம்பினார்கள். கோட்பாடு திறந்து வைத்திருந்த ஒரே வாசல் அந்த இறகின் அசைவு.

சீர்திருத்த சபைகளிலும் இதே நெருக்கடி வேறு வடிவில் இருந்தது. இறைவனால் தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தைகள் மீட்கப்படுவர் என்று வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை சொல்ல, மற்றவர் கதி என்ன என்ற கேள்வி நின்றது. சிசுப்பருவத்தில் இறப்போர் யாவரும் மீட்புக்குரியோரே என்று அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபை 1903இல் அறிவித்தது.

கத்தோலிக்கத் தரப்பில் மாற்றத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருமுழுக்குப் பெறாதோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அயர்லாந்தில் இத்தகைய சிசுக்களுக்கென்று ‘கில்லீன்’ எனப்படும் தனி இடுகாடுகள் 20ஆம் நூற்றாண்டிலும் பயன்பட்டன. 1969இன் புதிய அடக்கச் சடங்கு நூல் இக்குழந்தைகளுக்கும் அடக்க வழிபாட்டை வகுத்தது; 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஆயரின் இசைவோடு அடக்கத்தை அனுமதித்தது; 1992இன் மறைக்கல்வி நூல் அவர்களை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்தது. இக்குழந்தைகளின் மீட்பை ஆராயும் பன்னாட்டு இறையியல் ஆணையத்தின் ஆவணம் வந்தது 2007இல்தான். சடங்குக்கும் அந்த விளக்கத்துக்கும் இடையே 38 ஆண்டுகள்.

அந்த ஆவணம் உறுதி எதையும் தரவில்லை. மீட்பை எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்றே சொல்கிறது. அக்காரணங்களுள் ஒன்றாக அது எடுத்துக்காட்டுவது 1969க்குப் பின் திருச்சபை இக்குழந்தைகளுக்காகச் செய்துவரும் அடக்கத் திருப்பலியை.