கொரியப் பாடசாலைச் சுற்றுலாவும் ஒப்பந்த ஆசிரியர்களும்

தென்கொரியப் பாடசாலைகளின் ஒருநாள் சுற்றுலாவுக்கு ‘சோபுங்’ என்று பெயர். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப்தான் அன்றைய கட்டுச்சோறு. பல நாள் பயணத்தை ‘சுஹாக் யொஹெங்’ என்பார்கள். பழைய தலைநகரான கியொங்ஜுவும் ஜெஜு தீவும் அதற்கு வழமையான இடங்கள்.

வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களும் இவற்றில் சேர்ந்துகொள்வதுண்டு. 1995 இல் தொடங்கிய ‘எபிக்’ என்ற அரச திட்டத்தில் வருவோர், ஓராண்டு ஒப்பந்தத்தில் கொரிய ஆசிரியருடன் இணைந்து கற்பிக்கிறார்கள். வகுப்பறையில் ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் பேருந்தில் தாமாகவே வாய் திறப்பார்கள். ஆனால் பிள்ளைகளுக்கான பொறுப்பு கொரிய வகுப்பாசிரியருடையது.

அந்த வகுப்பாசிரியர்களிலும் ஒப்பந்தத்தில் வேலை செய்வோர் உள்ளனர். 2014 ஏப்ரல் 16 அன்று, ஜெஜுவுக்குச் சென்ற செவோல் கப்பல் மூழ்கியது. இறந்தும் காணாமலும் போன 304 பேரில் 250 பேர் அன்சான் நகரின் டன்வொன் உயர்தரப் பாடசாலை மாணவர்கள். ஐவரின் உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

மாணவர்கள் இருந்த கீழ்த்தளத்துக்கு இறங்கிச் சென்ற இரண்டு ஆசிரியைகளும் உயிரிழந்தனர். ஒப்பந்த ஊழியர்கள் என்பதால், கடமையின்போது உயிர்நீத்தோராக அவர்களை ஏற்க அரசு மறுத்தது. குடும்பத்தினர் விடாமல் போராடினர். மூன்று ஆண்டுகளின் பின், 2017 இல், ஜனாதிபதி மூன் ஜே-இன்னின் பணிப்புரைக்குப் பிறகே அந்த அங்கீகாரம் கிடைத்தது.

பிள்ளைகளை நோக்கி இறங்கியபோது அந்த இருவரும் தங்கள் நியமனக் கடிதத்தை நினைத்திருக்கமாட்டார்கள். அரசுதான் அதை எடுத்துப் பார்த்தது.