முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள்: எட்டயபுரம் வழியும் திருவாரூர் வழியும்

முத்துசாமி தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்து 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். இன்று அவர் பெயரால் பாடப்படும் கிருதிகள் நானூறுக்கும் மேற்பட்டவை. ஆனால் அவருடைய குடும்பத்திலிருந்தே 1904இல் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் இருப்பவை 229. மற்றவை எங்கிருந்து வந்தன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

குடும்ப வழி எட்டயபுரத்தில் நிலைகொண்டதற்குக் காரணம் தம்பி பாலுசாமி தீட்சிதர். தந்தை ராமசாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த காலத்தில் பாலுசாமி வயலின் கற்றார். கருநாடக இசைக்குள் அந்தக் கருவியைக் கொண்டுவந்தவராகப் போற்றப்படும் அவர், பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானானார். அவருடைய மகள்வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதரிடம் (1839–1906) குடும்பப் பாடாந்தரமும் ஏடுகளும் சேர்ந்தன. அவற்றை அவர் எளிதில் வெளியிட்டுவிடவில்லை. மேலைச் சுரக்குறிப்பில் நம் இசையைப் பதிப்பிக்கும் முயற்சியில் தம்மையே தேய்த்துக்கொண்ட சின்னசாமி முதலியார் விடாமல் வற்புறுத்தினார். எட்டயபுரம் அரசர் பொருளுதவி செய்தார். தெலுங்கில் அச்சான அந்த நூல் சுரங்களோடு கமகங்களுக்கும் தனித்தனிக் குறியீடுகள் தந்தது. கமகமே உயிராகக் கொண்ட தீட்சிதர் இசைக்கு இதைவிடப் பெரிய தொண்டு நடந்ததில்லை என்றே கருதுகிறேன்.

நூலின் சான்று எவ்வளவு கூர்மையாக உதவும் என்பதற்கு நவக்கிரகக் கிருதிகளைப் பார்க்கலாம். பிரதர்சினியில் இருப்பவை ஞாயிறு முதல் சனி வரையிலான ஏழு மட்டுமே. இந்த ஏழும் சூளாதி ஏழு தாளங்களில் தாளத்துக்கொன்றாக அமைந்தவை: சூரியனுக்குத் துருவம், சந்திரனுக்கு மட்டியம், செவ்வாய்க்கு ரூபகம், புதனுக்கு ஜம்பை, வியாழனுக்குத் திரிபுடை, வெள்ளிக்கு அட, சனிக்கு ஏகம். ஏழோடு திட்டம் நிறைந்துவிடுகிறது. பிற்காலத்தில் அச்சேறிய ராகு, கேது கிருதிகள் இரண்டுமே ரூபகத்தில் உள்ளன. அத்தோடு கேது கிருதி இன்று ஷண்முகப்ரியா ராகத்தில் பாடப்படுகிறது. வேங்கடமகி மரபைப் பின்பற்றிய தீட்சிதர் மரபில் அந்த மேளத்தின் பெயர் சாமரம். பெயர் மாற்றம் மட்டும் சான்றாகாது. பிரதர்சினியில் உள்ள சாமர ராகக் கிருதியையும் இன்று ஷண்முகப்ரியா என்றே சொல்கிறோம். தாள அமைப்பு தரும் சான்றைத்தான் ஒதுக்க முடியவில்லை. வாரக் கிருதிகள் ஏழு என்பதே தீட்சிதரின் திட்டம் என்று கொள்வது பொருந்தும்.

இதனால் நூலில் இல்லாதவை எல்லாம் போலி என்று முடிவுகட்டுவது தவறு. தீட்சிதரின் மாணவர் வட்டம் குடும்பத்தைவிட மிகப் பெரியது. தஞ்சை நால்வர் அவரிடம் பயின்றவர்கள். திருவாரூர்க் கோயிலின் சுத்தமத்தளம் தம்பியப்பன், ஆடற்கலைஞர் கமலம் ஆகியோரும் அவருடைய மாணவர்கள். தம்பியப்பனின் வயிற்றுநோய் தீரவே வியாழனுக்குரிய கிருதி பிறந்தது என்பது செவிவழிச் செய்தி. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இருந்த நெருக்கத்தை அந்தக் கதை காட்டுகிறது. தம்பியப்பனிடமிருந்து சாத்தனூர் பஞ்சநத ஐயருக்கும், அவரிடமிருந்து வீணை தனம்மாளுக்கும் (1867–1938) பாடம் வந்தது. பஞ்சநத ஐயரிடம் கற்ற நாகசுரக் கலைஞர் திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளை 1936இல் ‘தீட்சித கீர்த்தனைப் பிரகாசிகை’யைத் தமிழில் வெளியிட்டார். எட்டயபுரத்தைச் சாராமல் வந்த சுரப்படுத்திய சான்று அது. இசை வேளாளர் மரபு காத்துத் தந்த இந்த வழிக்கு ஆய்வுலகம் உரிய இடம் தரவில்லை என்பது என் வருத்தம்.

எட்டயபுரம் வழியும் ஓயவில்லை. சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் டி. எல். வேங்கடராம ஐயர் கற்றார். அவரிடம் பாடம் கேட்ட டி. கே. பட்டம்மாள் அக்கிருதிகளை மேடைதோறும் பாடிப் பரப்பினார். பிரதர்சினியின் தமிழ்ப் பதிப்பை 1961 முதல் சென்னை மியூசிக் அகாதெமி பகுதி பகுதியாக வெளியிட்டது. எனவே இரண்டு நூல்களும் இன்று தமிழிலேயே கிடைக்கின்றன. இரண்டிலும் உள்ள கிருதிகளைச் சங்கதி சங்கதியாக ஒப்பிட்டால், அரை நூற்றாண்டுக்கு மேல் தனித்தனியே நடந்த இரு வழிகள் எங்கே ஒன்றுபடுகின்றன என்பது தெரியும். அப்படி ஒன்றுபடும் சுர அமைப்புகளையே, பிரதர்சினியில் இல்லாத மற்றக் கிருதிகளை எடைபோடும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.