சாட்சிக்குக் காத்திருந்த கோடுகள்

வானில் கண்ட ஒன்றுக்கு மண்ணில் சாட்சி கிடைத்த பிறகே விஞ்ஞானம் பெயரை உறுதி செய்கிறது. அந்தச் சாட்சியைத் தருவது ஆய்வுக்கூடம். இவ்வரலாற்றின் முதல் ஏடு நமக்கு அயலானதன்று. 1960இல் எல்லை திருத்தத்தால் தமிழகத்தோடு இணைந்த பள்ளிப்பட்டும், ஆந்திரத்துக் குண்டூரும் மசூலிப்பட்டினமும் முன்னாளில் ஒரே சென்னை மாகாணத்து ஊர்களே.

1868 ஆகஸ்டு 18. முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு அறிஞர் ழான்சென் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தனர். ஒவ்வொரு தனிமமும் தன் ஒளியில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கும் என்பதைப் புன்சனும் கிர்காஃபும் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நிறுவியிருந்தனர். சூரிய விளிம்பின் பிழம்புகளில் ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது. சோடியம் என்றே பலரும் கருதினர். போக்சனோ, சோடியக் கோட்டின் இடத்தில், 'அல்லது அதனருகில்' என்ற பொருள்பட எழுதினார்.

ஹீலியத்தைக் குண்டூரில் ழான்சென் கண்டுபிடித்தார் என்று சொல்லப்படுவதுண்டு. அவர் அங்கு கண்டது, கிரகணமின்றியே பிழம்புகளைக் காணும் வழியை. அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து அக்கோட்டை ஆராய்ந்த லாக்கியரே அது சோடியத்தினின்று வேறானது என்றார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஹீலியம் என்ற பெயர் எழுந்தது. வேதியியலார் பலர் ஏற்கவில்லை. 1895இல் இலண்டனில் ராம்சே, யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து வெளிவந்த வாயுவில் அதே கோட்டைக் கண்டார். சாட்சி வர 27 ஆண்டுகள் ஆயின.

விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளியிலும் இதுவே நடந்தது. அங்கிருந்து வந்த சில கோடுகள் யாருடையவை என்று தெரியாதிருந்தன. 1941இல் கனடாவில் டக்ளசும் ஹெர்ஸ்பெர்க்கும், கரியணுவும் ஹைட்ரஜன் அணுவும் இணைந்து மின்னேற்றம் பெற்ற மூலக்கூறை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி அக்கோடுகளோடு பொருத்திக் காட்டினர்.

இன்னொரு புதிரை 1922இல் மேரி லீ ஹெகர் வெளியிட்டார். மங்கிப் பரந்த இருள்பட்டைகள் அவை. பின்னாளில் அவ்வகையில் நூற்றுக்கணக்கானவை கிடைத்தன. 1994இல் ஃபோயிங்கும் எஹ்ரன்ஃப்ராய்ண்டும் அகச்சிவப்பில் கண்ட இரு பட்டைகள், அறுபது கரியணுக்கள் பந்தாய்க் கூடிய மூலக்கூறின் அயனிக்கு உரியவை என ஐயுற்றனர். அன்றிருந்த ஆய்வுக்கூட அளவு, உறைந்த நியானில் எடுக்கப்பட்டது. நியானின் பிடியில் பட்டை சற்றே இடம் பெயரும். எனவே வழக்கு முடியவில்லை.

2015இல் பாசல் நகரில் மெய்யரின் குழு, கடுங்குளிரில் அவ்வயனியோடு ஓர் அணுவை மெல்ல ஒட்டியது. உரிய நிற ஒளி பட்டதும் அவ்வணு பிரிந்துவிடும். அந்தப் பிரிவே அளவுகோல். இரு பட்டைகளும் பொருந்தின. ஒட்டிய அந்த அணு எது தெரியுமா? ஹீலியம்! ஒருகாலத்தில் சாட்சிக்காகக் காத்திருந்ததே இன்னொன்றுக்குச் சாட்சியானது.

ஏனைய பட்டைகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் பெயரற்றவை. சொல்லை எடையிட்டுப் பழகிய நம் வட்டத்தார், போக்சன் கைவிடாத 'அல்லது அதனருகில்' என்பதன் பெருமையை அறிவர். அறியாததை அறிந்ததாக எழுதாத அந்த நேர்மையே பின்வந்தோர்க்கு வழி விட்டது.