நாற்கொம்பு மானும் தையல்சிட்டும்

நாற்கொம்பு மான், தையல்சிட்டு ஆகிய இரண்டும் இந்தியாவில் காணப்படும் சிறிய உயிரினங்கள் ஆகும். முன்னது காட்டில் வாழும் பாலூட்டி. பின்னது வீட்டுத் தோட்டங்களிலும் கூடு கட்டும் பாடும் பறவை. இரண்டும் பகைவரிடமிருந்து தப்ப இலைமறைவையே நம்பியுள்ளன. எனினும் இவற்றுள் ஒன்றே மனிதக் குடியிருப்புகளோடு இணங்கி வாழ்கிறது. மற்றது அருகி வருகிறது.

உடலமைப்பு

நாற்கொம்பு மான் 55 முதல் 64 செ.மீ. உயரமும் 17 முதல் 22 கிலோ எடையும் உடையது. மான் என அழைக்கப்பட்டாலும் இது புள்ளிமானின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இரலை ஆகும். எனவே இதன் கொம்புகள் ஆண்டுதோறும் உதிர்வதில்லை. ஆணுக்கு மட்டுமே கொம்புகள் உண்டு. காதுகளுக்கிடையே ஓர் இணையும் நெற்றியில் அதனினும் சிறிய மற்றோர் இணையும் அமைந்துள்ளன.

தையல்சிட்டு 10 முதல் 14 செ.மீ. நீளமும் 6 முதல் 10 கிராம் எடையும் உடையது. 20 கிலோ எடையுள்ள மான் ஒன்று, 8 கிராம் எடையுள்ள 2,500 சிட்டுகளுக்குச் சமம். முதுகு பச்சையாகவும் உச்சி செம்பழுப்பாகவும் இருக்கும். உருவத்திற்குப் பொருந்தாத உரத்த குரல் கொண்டது.

இனப்பெருக்கம்

பெண் தையல்சிட்டு, இலை விளிம்புகளில் அலகால் துளையிட்டு, நார், பஞ்சு, சிலந்தி நூல் ஆகியவற்றால் தைத்துக் கூடு அமைக்கிறது. துளைக்கு வெளியே நாரின் நுனி பிரிந்து நிற்பதால் தையல் நழுவுவதில்லை. இலை பசுமையாகவே இருப்பதால் கூடு எளிதில் புலப்படாது. முட்டைகள் சுமார் 12 நாட்களில் பொரிக்கின்றன.

நாற்கொம்பு மானின் கருக்காலம் ஏறத்தாழ 8 மாதங்கள். ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். குட்டிகள் புதரில் மறைத்து வைக்கப்படுகின்றன.

வாழிடமும் பாதுகாப்பும்

தையல்சிட்டுக்குச் சில அகன்ற இலைகளும் பூச்சிகளும் போதுமானவை. ஆகவே பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி போன்ற நகரங்களின் தோட்டங்களிலும் இது வாழ இயலும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனைக் கவலை குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது.

நாற்கொம்பு மான் இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டுமே காணப்படுகிறது. தமிழ்நாட்டில் முதுமலையில் வாழ்கிறது. உயர்ந்த புல்லும் புதரும் உள்ள இலையுதிர் காடும், அருகில் நீர்நிலையும் இதற்குத் தேவை. காடுகள் விளைநிலங்களாக மாறியதால் எண்ணிக்கை குறைந்தது. இதனை அழிவாய்ப்பு இனமாக அச்சங்கம் வகைப்படுத்தியுள்ளது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு உயரிய பாதுகாப்பு அளிக்கிறது.