கை தூக்கியவருக்கே கன்சோல்

ஒரு சர்வர் செத்துப்போகும்போது கடைசியாக நாலு வரி சொல்லிவிட்டுப் போகும். ‘கெர்னல் பேனிக்’ என்ற சொல்லோடு வரும் அந்த வரிகள் எங்கே போய் விழுகின்றன? திரையிலா, பின்பக்கத்து சீரியல் போர்ட்டிலா, இல்லை யாருமே பார்க்காத இடத்திலா? கெர்னல் தன் பேச்சைக் கொண்டுபோய்க் கொட்டும் அந்த இடத்துக்குப் பெயர் கன்சோல். நம்மில் பெரும்பாலானோர் அதை ஒருநாளும் தேர்ந்தெடுத்ததில்லை. கெர்னலே ஒன்றை எடுத்துக்கொள்கிறது. எப்படி எடுக்கிறது என்பதற்குப் பின்னால் ஐம்பது வருஷக் கதை இருக்கிறது.

யுனிக்ஸின் ஆரம்ப காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. பெல் ஆய்வகத்து பிடிபி-11 கணினிக்குப் பக்கத்தில் ஒரு டெலிடைப் நிற்கும். விசைப்பலகையும் காகிதச் சுருளும் கொண்ட இயந்திரம். மாடல் 33 என்றால் நொடிக்கு 10 எழுத்து, அவ்வளவுதான். இன்றைக்கும் லினக்ஸில் முனையங்களின் பெயர் ‘டிடிஒய்’ என்று தொடங்குவது அந்த இயந்திரத்தின் மிச்சம்.

1975-இல் வந்த ஆறாம் பதிப்பின் மூலநிரலில், கெர்னல் ஓர் எழுத்தை அச்சிடும் பகுதி சில வரிகள்தான். எந்தச் சாதனத்துக்கு அனுப்பலாம் என்று அது யோசிப்பதே இல்லை. இயந்திரம் தயாராகும்வரை காத்திருக்கும், ஓர் எழுத்தைத் தள்ளும், மறுபடி காத்திருக்கும். அங்கேயே ஒரு குறிப்பும் உண்டு: கணினியின் முன்பலகை சுவிட்சுகள் எல்லாம் பூஜ்ஜியத்தில் இருந்தால் அச்சே வராது. கெர்னலின் வாயை மூட வேண்டுமென்றால் எழுந்துபோய் விரலால் சுவிட்சைத் தள்ளணும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். வாயை எங்கே மூடினார்கள் என்பதில் குழப்பமே இல்லை. அச்சான காகிதமும் மறுநாள் காலைவரை அங்கேயே கிடக்கும்.

1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கினார். அது முளைத்ததே, பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ள அவர் எழுதிய ஒரு முனைய நிரலிலிருந்துதான். ஆரம்பப் பதிப்புகளில் கெர்னல் கிளப்பும் முதல் நிரல் நேராக ‘டிடிஒய்0’-ஐத் திறக்கும். திரையும் விசைப்பலகையும் மேசைமேலேயே இருக்கும் ஒரு பிசிக்கு வேறென்ன வேண்டும்?

சிக்கல் திரை இல்லாத கணினிகளோடு வந்தது. அடுக்கில் செருகப்பட்ட சர்வருக்கு எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. 1999 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பில் சீரியல் போர்ட்டும் கன்சோல் ஆகலாம் என்றாயிற்று. கூடவே ஒரு விதியும் வந்தது. கணினி கிளம்பும்போது கன்சோல்களின் பெயரைச் சொல்லலாம். பல பெயர் சொன்னால் செய்தி எல்லாவற்றுக்கும் போகும், ஆனால் ‘டெவ் கன்சோல்’ என்ற பட்டம் கடைசியாகச் சொன்னதற்குத்தான். எதையும் சொல்லாவிட்டால்? கன்சோலாக இருக்க முடியும் என்று முதலில் பதிவுசெய்துகொள்ளும் சாதனத்துக்கு. பெயர் சொன்னால் கடைசி, சொல்லாவிட்டால் முதல். இதை முதன்முறை படிப்பவர்கள் இரண்டு தடவை படிப்பார்கள்.

பிசியில் இந்த விதி ஒழுங்காகவே ஓடியது. முதலில் விஜிஏ அட்டையைத் தேடும், இல்லையென்றால் சீரியல் போர்ட். ஆனால் லினக்ஸ் ஏஆர்எம் பலகைகளுக்கும் மெய்நிகர் இயந்திரங்களுக்கும் பரவியபோது சீரியல் போர்ட்டுக்கே ஊருக்கு ஒரு பெயர்: டிடிஒய்ஏஎம்ஏ0, டிடிஒய்எஸ்ஏசி0, எச்விசி0. யார் முதலில் கை தூக்குவார் என்பது டிரைவர்கள் எந்த வரிசையில் விழிக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதனால், இந்தப் பலகையில் பேச்சு எங்கே போகணும் என்பதை வன்பொருள் விவரக் கோப்பான டிவைஸ் ட்ரீயிலேயே எழுதிவைக்கும் வழக்கமும் வந்தது.

இந்த விதி உண்மையில் கடித்தது 2020 கடைசியில். கன்சோலே இல்லாத கணினியில் முதல் நிரல் கிளம்பும்போது, உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவற்றுக்கான 0, 1, 2 என்ற மூன்று எண்களும் திறக்கப்படாமல் கிடக்கும். பிறகு ஏதோ ஒரு கோப்பைத் திறந்தால் அதற்கு 1 என்ற எண் வாய்க்கலாம். திரைக்கென்று எழுதிய வாசகம் அந்தக் கோப்புக்குள் போய் விழும். இது நிஜமான ஆபத்து. தீர்வாக, எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் ‘டிடிஒய்நல்’ என்ற வெற்றுச் சாதனத்தை எல்லாக் கெர்னலிலும் சேர்த்து, கன்சோல் கிடைக்காவிட்டால் இதைப் பிடித்துக்கொள் என்றார்கள். 5.11 பதிப்புக்கான மாற்றம் அது.

நல்ல எண்ணம்தான். ஆனால் சில கணினிகளில் டிடிஒய்நல் மற்றவர்களுக்கு முன்னால் விழித்துக்கொண்டது. பெயர் எதுவும் சொல்லப்படவில்லை, முதலில் கை தூக்கியவர் இவர், ஆகவே கன்சோல் இவர்தான். வேலை செய்யக்கூடிய சீரியல் போர்ட் பக்கத்தில் காத்திருக்க, திரை வெறுமையாகக் கிடந்தது. எதுவும் பேசாத ஒரு சாதனமும் பட்டத்துக்குப் போட்டியிடும் என்று அந்தப் பழைய விதியை எழுதியபோது யார் நினைத்திருப்பார்கள்?

2021 ஜனவரியில், 5.11 வெளியாகும் முன்பே, மாற்றத்தைத் திருப்பியெடுத்தார்கள். டிடிஒய்நல் மறுபடி விருப்பத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் பகுதியானது. மூன்று எண்களும் திறக்கப்படாமல் கிடக்கும் பிரச்சினையும் பழைய இடத்துக்கே வந்தது. அப்படி நேர்ந்தால், முதல் கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று கெர்னல் ஓர் எச்சரிக்கை கொடுக்கும். கன்சோலே இல்லாத கணினியில் அந்த எச்சரிக்கையும் கெர்னலின் நினைவகப் பதிவில்தான் உட்கார்ந்திருக்கும்.