குளோன்: நகலா, கிளையா?

திருவனந்தபுரத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்கப் போனேன். "குளோன் சார், தாய் மரத்தின் அச்சு நகல்" என்றார் விற்றவர். அந்த 'நகல்' மனதை உறுத்தியது. குளோனுக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் சிறுகிளை. விதையின்றிப் பெருக்கும் செடிகளுக்கு அதை 1903இல் சூட்டியவர் அமெரிக்கத் தாவரவியலர் ஹெர்பர்ட் வெபர். 1996இல் டாலி என்ற குளோன் ஆடு பிறந்தபின், அச்சு நகல் என்ற பொருளே எங்கும் பரவிவிட்டது. ஆனால் சோதனைக் குழாய்க்குள் செடி எப்போதும் நகலாக இருப்பதில்லை. ஆக்சின், சைட்டோகைனின் போன்ற வளரூக்கிகள் அளவு மீறினாலும், திசுவைத் திரும்பத் திரும்பப் பிரித்து வளர்த்தாலும் குரோமோசோம்கள் பிறழலாம். குட்டை வாழையும் தோன்றலாம். 2,4-டி என்ற வளரூக்கியைச் சேர்த்து உருவற்ற திசுத்திரளாக வளர்க்கும்போது இந்த ஆபத்து கூடுதல். மொட்டிலிருந்து நேரே தளிர்க்க வைத்தால் குறைவு. இம்மாற்றத்துக்கு 1981இல் ஆய்வாளர்கள் லார்கினும் ஸ்கோக்ராஃப்டும் 'சோமாகுளோனல் வேறுபாடு' என்று பெயரிட்டார்கள். குளோன் செய்வதைத் தமிழில் 'படியாக்கம்' என்கிறோம்; அதிலும் படியெடுக்கும் வாசனைதான். நான் 'கிளைக்கன்று' என்பேன். கிளை மரத்தின் கொம்பு மட்டுமல்ல, பழந்தமிழில் சுற்றமும்கூட. கன்றை மலையாளிகளும் 'வாழக்கன்னு' என்கிறார்கள். ஒரே குருதி, ஆனாலும் அச்சு அல்ல: உழவர் அறிய வேண்டிய உண்மையை இந்தச் சொல் மறைக்காது.