மாட்டாஸ்பத்திரி

பதிவு கொஞ்சம் நீளம்தான். சரித்திர டீச்சர் எழுதினால் அப்படித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஆம்பூர் பக்கம் சொந்த கிராமத்துக்கே வந்துவிட்டவள். "டீச்சர், நாய்க்குட்டி ராத்திரியெல்லாம் வாந்தி. ரத்தமா பேதியாகுது. இங்க பக்கத்துல நாய் டாக்டர் யாராவது இருக்காங்களா?"

"மாட்டாஸ்பத்திரியில நாயெல்லாம் பார்க்க மாட்டாங்கம்மா. திங்கட்கிழமை வேலூருக்கு எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில், சந்தேகமே இல்லாமல். ஞாயிறு இரவு குட்டி செத்துப்போனது.

அடுத்த வாரம் மனசு கேட்காமல் அந்த மாட்டாஸ்பத்திரிக்கே போனேன். முப்பது வருடமாகப் பஸ்ஸில் கடந்துபோன கட்டடம். உள்ளே எனக்கு முன்னால் வரிசையில் இரண்டு நாய், ஒரு பூனை, நாலு ஆடு. டாக்டர் சின்னப் பையன்தான். "பார்வோ மாதிரி தெரியுதும்மா. பொழைச்சிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கே கொண்டு வந்திருந்தா சலைன் ஏத்திப் பார்த்திருக்கலாம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மாட்டாஸ்பத்திரி என்ற பெயரே என்னை ஏமாற்றிவிட்டது. ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சில் லியோன் நகரத்தில் 1761-ல் உருவானது. அதற்கு ஒரு பெரிய காரணம் ஐரோப்பா முழுக்க மாடுகளை வாரிக்கொண்டு போன ஒரு கொள்ளைநோய். நம் ஊரில் அதற்குப் பெயர் வெக்கை. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாயெல்லாம் புண், பிறகு நிற்காத பேதி. ஒன்றிரண்டு வாரத்துக்குள் தொழுவமே காலி. 1889-ல் புனேவில் தொடங்கி பிறகு இமயமலையில் முக்தேசருக்குப் போன ஆய்வுக்கூடமும் பெரும்பாலும் இந்த நோய்க்காகப் பாடுபட்டதுதான். சென்னை வேப்பேரியில் 1903-ல் கால்நடைக் கல்லூரி வந்தது. ஏர் ஓட்டும் மாடும் பால் கறக்கும் மாடும் செத்தால் குடும்பமே படுத்துவிடும் காலம் அது. நாய்க்கு யார் டாக்டர் தேடுவார்கள்?

எங்கள் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்து ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி வந்த தோலை விரித்து, விரலால் தடவியே மாட்டின் ஜாதகத்தைச் சொல்வார். இது உண்ணிக் கடி, இது நுகத்தடி அழுத்தின இடம், இது நோய் தீர என்று எவனோ பழுக்கக் காய்ச்சிப் போட்ட சூடு. சூடு பட்ட தோலுக்கு விலை பாதி என்பார். மாட்டுக்கு ஒழுங்கான வைத்தியம் கிடைத்ததா என்பது கடைசியில் அவர் கைக்குத்தான் தெரியவரும்.

அவர் வீட்டில் பேசத் தயங்கிய விஷயம் ஒன்று உண்டு. பஞ்சமோ வெக்கையோ வந்தால் உழவன் வீட்டில் ஒப்பாரி, தோல் மண்டியில் வரவு. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலிருந்து தோல் ஏற்றுமதி எகிறியது என்று நான் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னபோது, அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நம் பக்கத்துப் பல குடும்பங்கள் படித்து முன்னேறியது தோல் காசில்தான். என் படிப்பும் அப்படித்தான்.

அதே தோல் பேட்டையில்தான் மாட்டைக் காப்பாற்றும் மருந்தும் தயாரானது. ராணிப்பேட்டையில் இருக்கும் கால்நடை நோய் தடுப்பு மருந்து நிலையம் 1932-ல் சீரம் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் ஆரம்பித்தது. (கோழிகளுக்கு வரும் ராணிகெட் நோய்க்கும் ராணிப்பேட்டைக்கும் சம்பந்தமில்லை. அந்த ராணிகெட் குமாவோன் மலையில் இருக்கிறது. வகுப்பில் வருடா வருடம் யாராவது ஒருவன் கேட்பான்.) 1954-லிருந்து நாடு முழுக்க வெக்கைக்குத் தடுப்பூசி போட்டார்கள். கிராமம் கிராமமாக, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முட்டுகிற மாட்டையும் திட்டுகிற மாட்டுக்காரரையும் சமாளித்துக்கொண்டு.

இந்தியாவின் கடைசி வெக்கை எங்கே வந்தது தெரியுமா? 1995-ல், அன்றைய நம் வட ஆற்காடு மாவட்டத்தில். அதற்குப் பிறகு ஒரு மாட்டுக்கும் வரவில்லை. 2006-ல் இந்தியாவும் 2011-ல் உலகமும் அந்த நோய் இல்லை என்று அறிவிக்கப்பட்டன. மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இதுவரை இரண்டுதான். ஒன்று பெரியம்மை, இன்னொன்று இது. 1995-ல் நான் பத்தாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நடந்த சரித்திரம் எனக்குத் தெரியாது.

அந்த டாக்டரிடம் வெக்கையைப் பற்றிக் கேட்டேன். "பாடப் புத்தகத்துல படிச்சதோட சரிம்மா" என்று சிரித்தார். இப்போது அவருக்கு வேலை கோமாரி, ஆட்டுக்கொல்லி, சினை ஊசி, நடுவில் நாய்க்கும் பூனைக்கும் ஊசி.

கிராமத்தில் நாய், பூனை வளர்ப்பவர்கள் முதலில் உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்து, நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு தேடாதீர்கள். மாடு, ஆடு படுத்துவிட்டால் 1962-க்கு போன் செய்யுங்கள், ஊருக்கே வண்டி வரும். மனிதர் மாத்திரையை உடைத்து மட்டும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனையைக் கொன்றே விடும்.

அந்தப் பெண் வேறொரு குட்டி எடுத்திருக்கிறாள். வீட்டைப் பிளீச்சிங் போட்டுக் கழுவி, பழைய பாயையும் தட்டையும் தூக்கி எறிந்த பிறகுதான். வருகிற சனிக்கிழமை முதல் தடுப்பூசி. நானும் கூடப் போகிறேன்.

1995-ல் என் வகுப்பில் இருந்தவர்களே, உங்கள் வீட்டு மாட்டுக்கு அந்த வருடம் வெக்கை ஊசி போட்டது ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள்.